இழவு: வசவாகிப் போன ஒரு நல்ல சொல்

கல்யாணமான புதிதில் ஒருநாள் ஈரோட்டிலிருந்த மாமனாருக்கு போன் செய்தேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே, "எழவுக்குப் போய்ட்டு இருக்கறனுங்க மாப்ள, அப்புறமா கூப்பிடறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் விருதுநகர்ப் பக்கம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கோபம் தலைக்கேறினால் மட்டுமே எடுப்பார்கள். எடுத்தால் அப்பத்தா கையில் கிடைத்ததை எறிவாள். யாராவது செத்துப்போனால் நாங்கள் 'கேதத்துக்குப் போறோம்' என்போம். சென்னையில் 'சாவுக்குப் போறேன்' என்பார்கள். படித்தவர்கள் எல்லா ஊரிலும் 'துக்கம் விசாரிக்க' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் 'செத்த வீடு'.

இத்தனையும் ஒரே காரியத்துக்கான சொற்கள்தான். அதில் துக்கம் மட்டும் எப்படி மரியாதையான சொல்லாயிற்று, இழவு எப்படித் திட்டாயிற்று என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் துக்கம். வடமொழியில் துஃக, பாலியில் துக்க. பௌத்தத்தின் நான்கு உண்மைகளில் முதலாவது இதுதான். அங்கே அதன் பொருள் மிகவும் பெரியது. பிறப்பு, மூப்பு, பிணி, சாவு, விரும்பியது கிடைக்காமை என்று வாழ்க்கையின் எல்லாக் குறைகளும் அதற்குள் அடங்கும். இந்தக் கருத்தைத் தமிழில் சொல்ல வந்த மணிமேகலை 'பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்' என்று துன்பத்தை வைத்தது. தத்துவப் பொருளுக்கு அது சரியான தமிழ்தான். ஆனால் பேச்சுத் தமிழில் துக்கம் சுருங்கிச் சுருங்கிச் சாவு வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டது. 'துன்பம் விசாரிக்கப் போனேன்' என்றால் யாருக்கும் புரியாது. கடன் தொல்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள்.

அப்படியானால் இந்தச் சுருங்கிய பொருளுக்குத் தமிழ்ச் சொல் எது? இழவுதான். இழ என்ற வினையோடு 'வு' சேர்ந்தது. வரவு, செலவு, களவு எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. திருக்குறளில் ஊழ் அதிகாரத்தில், 372ஆம் குறளில், 'பேதைப் படுக்கும் இழவூழ்' என்று வருகிறது. கைப்பொருளை இழக்க வைக்கும் ஊழ் அது. அங்கே இழவுக்குச் சாவு நாற்றமே கிடையாது. வரவு, செலவு, இழவு என்று கணக்கு நோட்டில் வரிசையாக எழுதலாம் போன்ற சொல். பிறகுதான் இழப்புகளிலேயே பெரிய இழப்புக்கு அதை ஒதுக்கி வைத்தார்கள். இழவு வீடு, இழவோலை, இழவு சொல்லிவிடுதல் எல்லாம் அப்படி வந்தவை. பேச்சில் இலை எலையானது போல, இடம் எடமானது போல, இழவு எழவாயிற்று.

(இடையில் ஒன்று. 'இழவு காத்த கிளி' என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது இலவு. இலவம் பஞ்சு மரம். காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சுதான் மிச்சம். கிளி எந்தத் துக்கத்துக்கும் போகவில்லை.)

சாவைப் பற்றிய பேச்சில் நம் ஆட்களுக்குப் பழைய பயம் ஒன்று உண்டு: பெயரைச் சொன்னால் ஆள் வந்துவிடும். இதற்கு இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. நன்னூல் சொல்லும் தகுதி வழக்கில் மங்கலம் என்று ஒரு வகை. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் உரைகாரர்கள் அதற்குத் தரும் உதாரணங்கள். சங்கப் பாடல்களின் அடிக்குறிப்பில் 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' என்று பார்க்கும்போது, ராஜா குளக்கரையில் தூங்கினார் போலிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் நான் நினைத்ததுண்டு. இறந்தார் என்பதுகூட ஒருகாலத்தில் இப்படிப் பூசி மெழுகிய சொல்தான். இறத்தல் என்றால் கடத்தல். இறந்த காலம் என்பது கடந்த காலம். இன்றைக்கு அதையும் சொல்லக் கூசி காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார், சிவலோக பதவி அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று போகிறோம். புறநானூறு 192இல் கணியன் பூங்குன்றனார் 'சாதலும் புதுவது அன்றே' என்று நேராகச் சொன்னார். அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வருமா?

மறைக்கப் போட்ட துணியும் கொஞ்ச நாளில் கறைபட்டுவிடும். அப்புறம் அதைத் தூக்கித் திட்டுவதற்குப் பயன்படுத்துவோம். 'என்ன எழவோ', 'எழவெடுத்தவனே', சென்னையில் 'சாவுகிராக்கி'. தமிழ்ச் சொல் என்பதால் இந்தக் கதி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஈமச்சடங்கைக் குறித்த கருமம் வடசொல்தானே? அது 'கருமம் கருமம்' என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிற சொல்லாகிவிட்டது. கருமாந்திரமும் அதே வழியில் போயிற்று. அதனால் பத்திரிகையில் 16ஆம் நாள் 'காரியம்' என்று போடுகிறோம். காரியம் இன்னும் தப்பித்து நிற்கிறது. எத்தனை நாளைக்கோ.

இழவுக்கு இன்னொரு கறையும் உண்டு. ஊர் ஊராக நடந்து இழவு சொல்லும் வேலை தாழ்த்தப்பட்ட சாதியார் தலையில் கட்டப்பட்டிருந்தது. மறுத்தால் வம்பு. சாவு, தீட்டு, சாதி மூன்றும் ஒட்டிக்கொண்ட சொல்லை மேல்சாதி நாக்கு தள்ளி வைத்ததில் ஆச்சரியமில்லை. அந்த இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்தது.

எங்கள் ஊர் கேதம் சுத்தமான தமிழ் என்று நான் ரொம்ப நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அகராதியைப் பார்த்தால் அதுவும் வடமொழி 'கேத', வருத்தம் என்று பொருள். ஆக, மாமனார் சொன்னதுதான் தமிழ். கொங்குப் பக்கம் இன்றும் இழவை வசவாகவும் வழங்குகிறார்கள், சங்கடமே இல்லாமல் செய்தியாகவும் சொல்கிறார்கள்.

சரி, இன்றைக்கு எதை எழுதுவது? 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தபோது தமிழ்நாடு அரசு 7 நாள் துக்கம் அறிவித்தது. அதை '7 நாள் இழவு' என்று எழுதினால் எழுதியவன் வேலை போய்விடும். அங்கே துயரம் பொருந்தும். ஆறுதல் சொல்லும் இடத்தில் இழப்பு இருக்கவே இருக்கிறது. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று இரங்கல் செய்தியில் எழுதும் கை, இழவு என்றால் நடுங்குகிறது. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுக்குப் 'ப்பு', ஒன்றுக்கு 'வு', அவ்வளவுதான் வித்தியாசம்.

'துக்கம் விசாரித்தல்' என்பதில் விசாரித்தல் என்ற பாதிக்குத்தான் நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது. விசாரணை போலீஸ் ஸ்டேஷனுக்கும் பொருந்தும். கிராமத்தில் துக்கம் கேட்க, கேதம் கேட்க, எழவு கேட்க என்பார்கள். கேட்டல் என்றால் வினவுவது, அதுவே செவிகொடுப்பதும். சாவு வீட்டில் நடப்பது இந்த இரண்டும்தானே.

என் பெரியப்பா போனபோது பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். வருகிற ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்பார்கள். பெரியம்மா முதலிலிருந்து தொடங்குவாள். காலையில் எழுந்தார், காபி கேட்டார், பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார், நெஞ்சைப் பிடித்தார். முதல் நாள் டம்ளர் வரைக்கும்தான் அவளால் வர முடிந்தது. அதற்குமேல் அழுகை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வரை வந்தாள். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை, எனக்கே மனப்பாடமாகிவிட்டது. கேட்கிறவர்களுக்கு விஷயம் போனிலேயே தெரியும். இருந்தாலும் கேட்டார்கள். கேட்டுவிட்டு 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லாமல் எழுந்து போனார்கள். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது.

16ஆம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மும்பையிலிருந்து ஒரு உறவுக்காரர் லேட்டாக வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எப்படிங்கக்கா ஆச்சு?" என்றார்.

"காபி குடிச்சாரு, டம்ளர வச்சாரு, போயிட்டாரு" என்றாள் பெரியம்மா. அப்புறம், "ரயில்ல சாப்பிட்டியா, இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்கு எழுந்து போனாள்.