உப்பிய பொட்டலத்தை ருசி பார்க்காதீர்கள்

போன ஆடியில் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி என்னைத் தேடி வந்தார். காரைக்குடியில் நான் வைத்திருப்பது சின்ன உணவுப் பரிசோதனைக் கூடம். பலகாரம், ஊறுகாய், பொடி போட்டு விற்பவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். ஆச்சி வியாபாரி இல்லை. பேரன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஆறு மாத ஒப்பந்தத்தில் மறு வாரம் கப்பல் ஏறுகிறான். அவனுக்காகப் பூண்டுத் தொக்கு கிண்டி, கடையில் கொடுத்து வேக்குவம் பேக்கிங் செய்து, நான்கு பொட்டலங்களை மூன்று வாரம் முன்பே தயாராக வைத்திருந்தார். அதில் இரண்டு தலையணை மாதிரி உப்பிவிட்டன.

"வாடை ஒண்ணும் இல்ல தம்பி. ஒரு துளி நாக்குல வச்சுப் பாத்துட்டு நல்லா இருந்தா அனுப்பிரலாம்னு நெனச்சேன். இவதான் ஒங்ககிட்டக் காட்டணும்னு நின்னா" என்று மருமகளைக் கை காட்டினார்.

அந்த மருமகளுக்குக் கோயிலே கட்டலாம்.

உப்பாத பொட்டலம் ஒன்றைப் பிரித்து, எண்ணெயை வடித்து, விழுதைக் காய்ச்சி வடித்த நீரில் அரைத்து, புளிப்பை அளக்கும் பிஎச் மீட்டரை வைத்தேன். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். (தாளை முக்கிப் பார்க்கும் வேலை தொக்கில் எடுபடாது. மஞ்சள்தூள் தாளில் ஏறிக்கொண்டு எல்லா நிறத்தையும் குழப்பிவிடும்.) 5.3 காட்டியது. தொக்கு, ஊறுகாய் வகைகளில் இந்த எண் 4.6-க்குக் கீழே இருந்தாக வேண்டும். விசாரித்தால், பேரனுக்கு இந்த வயதிலேயே பிரஷர் எட்டிப் பார்க்கிறதாம். அதனால் உப்பைப் பாதியாக்கி, வயிற்றுக்கு ஆகாது என்று புளியையும் பாதியாக்கி, எண்ணெயை மட்டும் தாராளமாக விட்டிருக்கிறார்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் சாதாரணமாக இருக்கும். கொதிநீரின் 100 டிகிரியில் அந்த வித்துகள் சாவதில்லை. எண்ணெய் எவ்வளவு காய்ந்தாலும் பூண்டுப் பல்லுக்குள் ஈரம் இருக்கிற வரைக்கும் உள்ளே சூடு 100-ஐச் சுற்றித்தான் நிற்கும். அப்புறம் நாம் செய்வது என்ன? மேலே எண்ணெய் விட்டு மூடுகிறோம், இயந்திரத்தில் வைத்து மிச்சக் காற்றையும் உறிஞ்சி எடுக்கிறோம். காற்று இல்லாத இடத்தில்தான் இந்த உயிர் பெருகும். புளிப்பும் இல்லை, உப்பும் போதவில்லை என்றால் அதைத் தடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. அது கக்கும் நச்சு நரம்பைத் தாக்கும். பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து முப்பத்தாறு மணி நேரத்துக்குள் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. முற்றினால் மூச்சு நிற்கும். கரையில் இருப்பவரைக்கூட வெண்டிலேட்டரில் வைத்து, நச்சுமுறி மருந்து போட்டு வாரக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டிவரும். நடுக்கடலில் என்ன செய்வது? 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்டு வைத்த நறுக்கிய பூண்டை சாப்பிட்டவர்களில் 36 பேருக்கு இதே நோய் வந்தது.

ஆச்சியின் பொட்டலத்தில் இருந்தது அந்த நச்சுதான் என்று நான் சொல்லவில்லை. வேறு கிருமியும் வாயு விடும். ஆனால் உப்பிய பொட்டலத்தில் ஒரு துளி நாக்கில் வைப்பது சோதனை ஆகாது. இந்த நச்சுக்கு வாடை கிடையாது, சில சமயம் பொட்டலமே உப்பாது. மிச்ச மூன்றையும் பிரிக்காமல், நான் பிரித்ததையும் சேர்த்துப் பையில் கட்டி, நாயும் மாடும் கிளறாத இடத்தில் தள்ளச் சொன்னேன்.

ஆச்சி விடவில்லை. "எங்க ஐயா காலத்துல ரங்கோனுக்கே ஜாடி ஜாடியாப் போச்சே, அப்பல்லாம் யாருக்கு என்ன ஆச்சு?"

நல்ல கேள்வி. எங்கள் பக்கம் இதைக் கேட்காதவர் இல்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். கட்டிக் கொடுத்தனுப்பியது கப்பலுக்கு மட்டும் இல்லை, அங்கே அவர்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கிக்கும் சேர்த்துத்தான். ஆனால் எது போனது என்று பாருங்கள். உப்புக்கண்டம், வத்தல், மோர் மிளகாய், உப்பு கரிக்கும் எலுமிச்சங்காய் ஊறுகாய், கொட்டை எடுத்து உப்புப் போட்டு உருட்டிய புளி. இதில் ஒன்றுகூடக் காற்றை எடுத்ததால் கெடாமல் இருந்தது இல்லை. ஒன்று காய்ந்து கிடக்கும், இல்லை உப்பிலோ புளிப்பிலோ ஊறிக் கிடக்கும். (ஜாடியும் கப்பலில் வந்ததுதான். பர்மாவின் மர்த்தபான் துறைமுகம் வழியாகப் போன பெரிய மெருகு ஜாடிகளுக்கு ஊர்ப் பெயரே நிலைத்து, வடக்கே இன்றும் ஊறுகாய் ஜாடியை மர்த்தபான் என்கிறார்கள்.)

என் தொழிலில் முக்கியமான கணக்கு, பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது இல்லை. அதில் எவ்வளவு சும்மா இருக்கிறது என்பதுதான். உப்பும் சர்க்கரையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் கிருமிக்குக் கிடைக்காது. சுத்தமான தண்ணீருக்கு இந்த அளவு 1. பாட்டுலினம் வளர 0.94-ஆவது வேண்டும். 0.85-க்குக் கீழே நச்சு விடும் பாக்டீரியாக்கள் அடங்கிவிடும், பூஞ்சை அடங்காது. 0.60-க்குக் கீழே எதுவும் வளராது.

உப்புக்கண்டத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு கிலோ ஆட்டுக்கறியில் முக்கால் கிலோ தண்ணீர். உப்பு, மஞ்சள், மிளகாய் அரைத்துப் பிசறி, ஊசியில் நூல் கோத்து, வளவில் வெயில் விழும் இடத்தில் மாலையாகத் தொங்கவிடுகிறோம். நானூறு கிராமுக்குக் கீழே இறங்கும்வரை நான் அதை டப்பாவில் போட விடமாட்டேன். தராசு இல்லாதவர்கள் இருப்பதிலேயே தடிமனான துண்டை எடுத்து உடைத்துப் பார்க்கலாம். வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தொழிலுக்கு வந்த புதிதில், சித்திரை வெயிலில் இரண்டே நாளில் மேலே கல்லாகிவிட்ட கண்டத்தைத் தட்டிப் பார்த்து "சரி, கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டேன். வெயில் கடுமையாக இருந்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வழியை அடைத்துவிடும். ஒரு மாதத்தில் டப்பாவைத் திறந்தால் பச்சைப் பூஞ்சை. செய்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அதிகமாக உறுத்தியது. இப்போது முதல் நாள் நிழலிலும் காற்றிலும் தொங்கவிடச் சொல்கிறேன்.

மூடி வைத்தாலே கெடாது என்ற நினைப்பு நமக்கு மட்டும் வந்ததில்லை. பிரான்சில் நிக்கோலா அப்பேர், கண்ணாடிக் குடுவையில் உணவை அடைத்துக் கொதிநீரில் வேகவைக்கும் முறைக்காக 1810-ல் 12,000 பிராங்க் பரிசு வாங்கினார். ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. கிருமிதான் காரணம் என்று பாஸ்டர் என்ற விஞ்ஞானி வந்து விளக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அதற்குள் தகரப் பெட்டி வந்து, கடற்படைக்கு மலிவாகக் கொடுக்கிறேன் என்று பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். 1852-ல் இங்கிலாந்தில் கோல்ட்னர் என்பவரின் பெட்டிகளைத் திறந்து சோதித்தபோது இறைச்சி நாறிக் கிடந்தது. பெரிய பெட்டியின் நடுவரைக்கும் சூடு போய்ச் சேராததுதான் காரணம் என்கிறார்கள். ஆச்சியின் பூண்டுப் பல்லும் அதே கதைதான், அளவு மட்டும் சின்னது.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். பாய்க்கப்பல் காலத்தில் மரப்பீப்பாய்த் தண்ணீர் சில வாரங்களில் பாசி பிடித்துக் கொழகொழத்துவிடும். நம் ஊருணித் தண்ணீருக்குப் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டை உரசிய கை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மண் கீழே படிந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும். ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, கிருமி இல்லாத தண்ணீர் வேறு. தெளியவைத்த பிறகும் காய்ச்ச வேண்டும். இன்றைய கப்பல்களில் கடல்நீரையே நன்னீராக்கிக்கொள்கிறார்கள் என்பதால் பேரனுக்கு அந்தக் கவலை இல்லை.

பெருமைப்பட ஒன்று உண்டு என்றால் அது புழுங்கலரிசி. நூறு வருடத்துக்கு முன்பு மலாயாவில், பி1 சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயில் சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பக்கத்திலேயே தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. பிராடன் என்ற மருத்துவர் இரண்டு பேரின் சோற்றையும் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி, நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல். 1905-ல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பிளெட்சர் என்பவர் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி வந்தது பச்சரிசிப் பக்கம்தான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. வண்டும் அவ்வளவு சீக்கிரம் துளைக்காது. எதுவும் தெரியாமலே சரியாகச் செய்த வேலை.

எலுமிச்சங்காய் ஊறுகாயை மட்டும் அப்படிப் புகழ முடியாது. 1747-ல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் கப்பலில், சி சத்துக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட மாலுமிகளைத் தேற்றியது புதுப் பழத்தால். வெயிலில் காய்ந்து வருடக்கணக்கில் ஜாடியில் கிடக்கும் காயில் சி சத்து பெரும்பாலும் போயிருக்கும். ஊறுகாய் சோறு இறங்க; சத்துக்குக் கப்பல் சமையல்காரர் கொடுக்கும் பழத்தை சாப்பிடட்டும்.

ஆச்சிக்கு மாற்று வழி சொல்லி அனுப்பினேன். பூண்டை நசுக்கி, முழுப்பல் இல்லாமல் எலுமிச்சைச் சாற்றில் ஒரு நாள் ஊறவிட்டு, புளியைப் பழைய அளவுக்கு ஏற்றி, அரைத்துப் பார்க்கும்போது 4.2-க்குக் கீழே வர வேண்டும். உப்பைக் குறைப்பது தப்பில்லை, குறைத்தால் புளிப்பு அந்த வேலையைப் பார்க்க வேண்டும். நான்காம் நாள் சின்ன டப்பாவில் கொண்டுவந்தார். மீட்டர் 3.8 காட்டியது. அனுப்பலாம் என்றேன்.

ஆச்சி விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். "இது பூண்டுத் தொக்கா தம்பி? எலுமிச்சங்காய் ஊறுகாயில பூண்டு விழுந்த மாதிரில்ல இருக்கு."

பேரன் பையில் கடைசியில் போனது பருப்புப் பொடியும் மோர் மிளகாயும்தான் என்று மருமகள் போனில் சொன்னார்.