விறகு அடுப்பு ஏன் புகைகிறது?

புகைந்துகொண்டிருக்கும் அடுப்பில் ஊதுகுழலை வைத்து இரண்டு ஊது ஊதினால் ‘பக்’கென்று பற்றிக்கொள்ளும். அதுவரை கண்ணைக் கரித்த புகையைக் காணோம். எங்கே போனது? எரிந்துவிட்டது.

நாம் விறகு எரிகிறது என்கிறோமே தவிர, தீயின் பெரும்பகுதி எரிப்பது விறகிலிருந்து கிளம்பும் வாயுவைத்தான். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கட்டை உள்ளுக்குள் சிதைந்து, வாயுவும் தார் ஆவியுமாகக் கக்கத் தொடங்கும். காய்ந்த விறகின் எடையில் சுமார் முக்கால் பங்கு இப்படித்தான் வெளியேறுகிறது. மிஞ்சும் கரிதான் தணலாகக் கனல்வது. அந்த ஆவி நன்றாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடும் தாராளமாகக் காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் எரியாமல் தப்பிவிடும். அதுதான் புகை, காசு கொடுத்து வாங்கிய விறகு, கூரை வழியாகப் போகிறது.

பச்சை விறகின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2.6 மெகாஜூல் வெப்பம் போதும். ஒரு கிலோ காய்ந்த விறகோ 16 முதல் 18 மெகாஜூல் வரை தரும். கணக்கில் பெரிய நஷ்டமாகத் தெரியாது. ஆனால் அந்த நீராவி அடுப்பின் வாயையே குளிர வைக்கிறது, 600 டிகிரி எட்டுவதில்லை. அங்கேதான் நஷ்டம். எரியும் கட்டையின் வெளி நுனியில் நுரை கட்டி ‘உஸ்’ஸென்று சத்தம் வந்தால் அது இன்னும் காயவில்லை. பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றோட விடுங்கள். முழுக் கட்டையாகப் போட்டு வைத்தால் பட்டை ஈரத்தை விடாது.

அடுப்பு வாய் நிறையத் திணிப்பது நம் வீடுகளில் மாறாத பழக்கம். காற்று நுழைய வழியில்லாமல் எப்படி எரியும்? இரண்டு மூன்று குச்சிகளை வைத்து, எரிய எரியத் தள்ளிவிடுவதே நல்லது. அடியில் ஓர் இரும்புக் கம்பித் தட்டு இருந்தால் காற்று கீழிருந்தும் ஏறும். பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், அரளிக் குச்சி இவற்றை அடுப்பில் வைக்கவே கூடாது. அவற்றின் புகை நஞ்சு.

புகைபோக்கி வைத்த அடுப்பு நமக்குப் புதிதல்ல. ஹைதராபாத்தில் பொறியாளர் எஸ். பி. ராஜு 1953-இலேயே அப்படி ஒன்றை விளக்கி எழுதினார். 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கென்று தேசியத் திட்டமே தொடங்கியது. கட்டிக் கொடுத்த அடுப்புகளில் பல, பராமரிப்பு இல்லாமல் கைவிடப்பட்டன. காரணம் குழாய்க்குள் இருக்கிறது. சூடான காற்று லேசானது, மேலே ஏறும். அந்த இழுப்புதான் புகையை வெளியேற்றுகிறது. மூன்று மீட்டர் குழாயில் 180 டிகிரி சூடு இருந்தாலும் கிடைக்கும் அழுத்தம் 12 பாஸ்கல் அளவுதான், ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் மட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகம். இவ்வளவு மெல்லிய இழுப்பைக் கரி படிந்து குறுகிய குழாய் சுலபமாக நிறுத்திவிடும். புகை சமையலறைக்கே திரும்பும்.

ஈர விறகானால் இன்னும் மோசம். குளிர்ந்த குழாய்ச் சுவரில் தார் ஒட்டிப் பளபளவென்று இறுகும். அது எரிபொருள், ஒருநாள் பெரிய தீ மூட்டும்போது குழாய்க்குள்ளேயே பற்றலாம். கீற்றுக் கூரை என்றால் சொல்லவே வேண்டாம். குழாய் ஆறியபின், நீளக் கம்பில் தேங்காய் நாரைக் கட்டி மேலிருந்து இழுத்துத் தேய்த்தால் உதிரும் கரி போய்விடும். இறுகிய தார் அதற்கு மசியாது, சுரண்ட வேண்டும். தினமும் சமைக்கும் வீட்டில் மாதம் ஒருமுறையாவது குழாயைப் பார்த்துவிடுங்கள்.

புகை அடங்கிவிட்டால் ஆபத்தும் அடங்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. சுடர் இல்லாமல் கனலும் தணல்தான் கார்பன் மோனாக்சைடை நிறைய விடும். நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிணையும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கினால் தலைவலியோடு விடாது, உயிரையே வாங்கும்.

சாம்பலும் லேசுப்பட்டதல்ல. சூட்டை விடாமல் பொத்தி வைப்பதால் அதனுள் கங்கு மறுநாளும் உயிரோடிருக்கும். பிளாஸ்டிக் கூடையிலோ வைக்கோல் போர் பக்கத்திலோ கொட்டாமல், மூடி போட்ட தகர டப்பாவில் ஓரிரு நாள் ஆற விடுங்கள். பிறகு பாத்திரம் தேய்க்க எடுத்துக்கொள்ளலாம். நனைந்த சாம்பல் காரம், ரொம்ப நேரம் கையில் பட்டால் தோல் எரியும்.