சாவியைத் திருகாதீர்கள், ஸ்டியரிங்கை அசையுங்கள்

ஒகேனக்கல்லில் காரைச் சரிவில் நிறுத்திவிட்டு, குளித்து, மீன் வறுவலும் சாப்பிட்டுத் திரும்பி வந்து சாவியைப் போட்டால் அது திரும்ப மறுக்கிறது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டியை அணைத்துவிட்டு சாவியை இழுத்தால் அது வெளியே வர மறுக்கிறது. இரண்டையுமே "சாவி ஜாம் ஆயிடுச்சு" என்றுதான் சொல்கிறோம். கை வைத்தியமும் ஒன்றுதான், பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவது. திரும்பாத சாவிக்கும் வெளியே வராத சாவிக்கும் காரணம் வேறு வேறு. பெரும்பாலான நேரங்களில் எதுவும் கெட்டுப்போயிருக்காது. பூட்டு தன் வேலையைச் சரியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்க விடாமல் திருகி உடைப்பது நாம்தான்.

முதலில் பூட்டின் உள்ளே போவோம். சாவி நுழைகிற பகுதி ஒரு சிறிய உலோக உருளை. அது அசையாத ஒரு கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. உருளையின் குறுக்கே ஏழெட்டு மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு சதுர ஓட்டை, ஓரத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவி இல்லாத நேரத்தில் ஸ்பிரிங் தகடுகளை வெளிப்பக்கம் தள்ளி வைத்திருக்கும். தகட்டு முனைகள் கூட்டில் வெட்டியுள்ள பள்ளத்துக்குள் புகுந்துகொண்டு உருளையைச் சுழல விடாது. சரியான சாவி அந்த ஓட்டைகளின் வழியே போகும்போது, சாவியில் வெட்டியிருக்கும் மேடு பள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் வேண்டிய அளவுக்கு நகர்த்தி, எல்லா முனைகளையும் உருளையின் மேற்பரப்போடு சமமாக்கிவிடும். அப்போதுதான் உருளை சுழலும். ஒரே ஒரு தகடு ஒரு மயிரிழை துருத்திக்கொண்டு நின்றாலும் போதும், சாவி அசையாது.

சரி, சாவியைத் திருப்பிவிட்டோம். இப்போது தகடுகளுக்கு எதிரே பள்ளம் கிடையாது, கூட்டின் சுவர்தான் இருக்கிறது. இந்த நிலையில் சாவியை இழுத்தால், அதன் மேடுகள் தகடுகளைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். தள்ளினாலும் தகடு ஒதுங்க இடமில்லை. அதனால் ஏழெட்டுத் தகடுகளும் சேர்ந்து சாவியைக் கவ்விக்கொள்ளும். மேடு பள்ளமான சாலையில் ஓடும்போது சாவி குலுங்கிக் கீழே விழாமல் இருப்பது இந்தப் பிடியால்தான். உருளை மறுபடி 'லாக்' என்ற இடத்துக்கு வந்து, தகடுகளும் பள்ளமும் நேருக்கு நேர் நின்றால் மட்டுமே சாவி வெளியே வரும். சில டிகிரி குறைந்தாலும் வராது.

ஆக, வெளியே வராத சாவியைப் பார்த்து நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உருளை ஏன் 'லாக்' வரைக்கும் போகவில்லை?

கியர் போட்டு ஓட்டும் வண்டிகள் பலவற்றில் பதில் ரொம்பச் சாதாரணமானது. எஞ்சின் நின்று, ரேடியோ போன்றவை மட்டும் வேலை செய்யும் 'ஏசிசி' நிலையிலிருந்து 'லாக்'குக்குப் போக, சாவியைக் கொஞ்சம் உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டும். பூட்டின் வளையத்தில் 'புஷ்' என்று எழுதியும் இருக்கும், கைபட்டுத் தேய்ந்துபோயிருக்கும். இரவல் வாங்கிய காரில் சாவி வரவில்லை என்று மெக்கானிக்கைத் தேடி அலைபவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு அழுத்தில் வேலை முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

அந்த அழுத்தலைத் தேவையில்லாத தொல்லை என்று நினைப்பவர்கள் தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள்ளலாம். நீண்ட இறக்கம், வளைவு வேறு. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைப்பதும் அங்கே நாள்பட்ட நோய். நியூட்ரலில் விட்டால் கியர் தரும் பிடிப்பு போகிறது. எஞ்சினும் நின்றால் இன்னும் மோசம். காரில் பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். லாரியாக இருந்தால் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரெஸர் நின்றுவிடும். இத்தனையும் போதாதென்று சாவி தவறி 'லாக்' வரை போய் வெளியேயும் வந்துவிட்டால், ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். அந்தக் கடைசி ஆபத்து தெரியாமல் நடந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்ததுதான் அந்த அழுத்தல். இறக்கத்தில் எஞ்சினை அணைக்கவே கூடாது என்பது வேறு விஷயம்.

சாவி சிக்கினால் எரிச்சல்தான், உயிருக்கு ஒன்றுமில்லை. மிகச் சுலபமாகத் திரும்பிவிடும் சாவி என்ன செய்யும் என்பதை 2014இல் உலகம் பார்த்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அந்த ஆண்டு சுமார் 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது. சாவியை 'ஆன்' நிலையில் நிறுத்தி வைக்கும் பிடிப்பு அவற்றின் சுவிட்சில் போதாமல் இருந்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, ஓடும்போதே சாவி 'ஏசிசி'க்கு நழுவி எஞ்சின் நின்றது; காற்றுப்பையும் வேலை செய்யவில்லை. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியமே 124 மரணங்களை ஒப்புக்கொண்டது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, மொபெட் சாவி, போதாக்குறைக்கு ஒரு பித்தளை வேல் என்று கார் சாவியில் கோத்துத் தொங்கவிடும் பழக்கம் நமக்கு உண்டு. உங்கள் காரில் அந்தக் குறை இல்லாவிட்டாலும், வருடக்கணக்கில் ஆடும் அந்தக் கனம் தகடுகளைத் தேய்க்கும். கார் சாவி தனியாகவே இருக்கட்டும்.

ஆட்டோமேட்டிக் கார் என்றால் கதை வேறு. கியர் 'பி'யில், அதாவது பார்க்கிங் நிலையில், இல்லாவிட்டால் சாவி 'லாக்'குக்குத் திரும்பவே திரும்பாது. நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கிப் போய், வண்டி தானாக உருண்ட விபத்துகளுக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. கியர் லீவருக்கும் பூட்டுக்கும் நடுவே ஒரு கேபிளோ, மின்காந்தத் தாழ்ப்பாளோ இருக்கும். லீவர் 'பி'யில் இருப்பதாக நமக்குத் தெரிந்தாலும் அடியிலுள்ள குட்டி சுவிட்ச் அதை உணராமல் இருக்கலாம். லீவர் பக்கத்தில் கொட்டி உலர்ந்த மாம்பழச் சாறே இதற்குப் போதும்; கிருஷ்ணகிரிக் காருக்கு இது நடக்காத காரியம் இல்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை 'பி'யிலிருந்து எடுத்து, மறுபடி அழுத்தமாக 'பி'யில் போட்டுப் பாருங்கள். சில மாடல்களில் பேட்டரி செத்தால் அந்த மின்காந்தம் விடாது, சாவியும் வராது. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு உயிர் கொடுத்தால் விட்டுவிடும்.

இப்போது ஒகேனக்கல் சரிவுக்கு வருவோம், அதாவது திரும்பாத சாவிக்கு. சாவியை எடுத்தபின் ஸ்டியரிங் தண்டிலுள்ள ஒரு வளையத்தின் பள்ளத்துக்குள் எஃகுத் தாழ்ப்பாள் ஒன்று பாய்ந்து உட்காரும். திருடன் கம்பியை இணைத்து எஞ்சினைக் கிளப்பினாலும் வண்டியைத் திருப்ப முடியாது. அமெரிக்காவில் 1970 ஜனவரி முதல், சாவியை எடுத்தால் எஞ்சினோடு ஸ்டியரிங்கோ வண்டியின் ஓட்டமோ தடைபட வேண்டும் என்று விதியே வந்துவிட்டது.

சக்கரத்தை ஒடித்து, பாறையிலோ நடைமேடை விளிம்பிலோ முட்டி நிறுத்தினால், டயர் திரும்பப் பார்க்கும் விசை முழுவதும் அந்தத் தாழ்ப்பாளின் மேல் பக்கவாட்டில் விழும். வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளே நிற்பவர் தாழ்ப்பாளை எடுக்கப் பார்ப்பது போன்ற நிலைமை. தள்ளுகிறவர் கொஞ்சம் விட்டால்தான் தாழ்ப்பாள் நகரும். சாவியை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை, சாவிதான் முறுகும்.

இடது கையால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுவர் போல நிற்கும், மறுபக்கம் கொஞ்சம் இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கம் ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலால் மட்டும் சாவியைத் திருப்புங்கள். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டியரிங் பக்கம் பலம் போடலாம். சாவிப் பக்கம் இரண்டு விரல் பலத்துக்கு மேல் கூடாது.

சரிவில் நிற்கும் ஆட்டோமேட்டிக் காருக்கு வேறொரு சிக்கல் உண்டு. நேராக 'பி'யில் போட்டுவிட்டு பிரேக்கை விட்டால், வண்டியின் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறிய கொக்கியின் மேல் சாய்ந்துவிடும்; திரும்பி வந்து லீவரை எடுத்தால் எளிதில் வராது. பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும். அப்புறம் பிரேக்கை மீண்டும் மிதித்து 'பி'யில் போடுங்கள்.

ஸ்டியரிங் தாராளமாக அசைகிறது, கியரும் சரி, பேட்டரியும் சரி, ஆனாலும் சாவி முரண்டு பிடிக்கிறது என்றால்தான் தகடுகளைச் சந்தேகிக்க வேண்டும். பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடங்களுக்கு நாள்தோறும் போய்வரும் வண்டிகளுக்குக் கேட்கவே வேண்டாம். சாவியில் ஒட்டிய கல்தூள் ஒவ்வொரு முறையும் பூட்டுக்குள் போய்ச் சேரும். அந்த நேரத்தில் நாம் செய்கிற காரியம் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விடுவது. அன்றைக்கு வழுக்கிக்கொண்டு திரும்பும். சில வாரத்தில் எண்ணெயும் தூளும் குழைந்து பசையாகி, அந்தக் குட்டி ஸ்பிரிங்குகளால் தகட்டைத் தள்ள முடியாமல் போகும். பூட்டுக்கு ஈரமில்லாத மசகுதான் ஏற்றது: கிராஃபைட் தூள். கையில் அது இல்லையென்றால் பென்சில் முனையைச் சாவியின் இரண்டு பக்கமும் கருக்கத் தேய்த்து, நாலைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள். பென்சிலில் இருப்பதும் கிராஃபைட்தான். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் இதைச் செய்யாதீர்கள், பசை இன்னும் கெட்டியாகும். அதைக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும்.

தேய்ந்த சாவிக்குக் கிராஃபைட்டும் உதவாது. மேடுகள் மழுங்கினால் தகடுகள் சமமாக வராது. பீரோவில் சும்மா கிடக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள்; அது லேசாகத் திரும்பினால் குறை பூட்டில் இல்லை. டூப்ளிகேட் வெட்டக் கொடுக்கும்போதும் அந்தப் புதுச் சாவியைத்தான் கொடுக்க வேண்டும். தேய்ந்த சாவியைக் கொடுத்தால் இயந்திரம் தேய்மானத்தையும் சேர்த்து வெட்டித் தரும். வண்டி வாங்கும்போது சாவிக் கொத்தில் எண் பொறித்த ஒரு சிறு தகடு கொடுத்திருந்தால் பத்திரமாக வையுங்கள், அந்த எண்ணை வைத்தே புதிதாக வெட்டலாம்.

என்ன செய்தும் சாவி 'ஏசிசி'யிலேயே நின்றுவிட்டால், மெக்கானிக் வரும்வரை பேட்டரி காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்தால் போதும், பல கார்களுக்கு 10 எம்எம் ஸ்பானர் பிடிக்கும். சாவி உள்ளேயே முறிந்துவிட்டால் ஃபெவிக்விக் தடவி ஒட்டி இழுக்கும் யோசனை வேண்டாம், அது தகடுகளையும் சேர்த்து ஒட்டிவிடும். பூட்டு 'லாக்' நிலையில் இருந்தால் சாவி செய்பவர் மெல்லிய கொக்கியால் துண்டை எடுத்துவிடுவார். கையில் மிஞ்சிய தலைப்பகுதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இம்மொபிலைசர், அதாவது சரியான சாவியை மின்னணு முறையில் அடையாளம் கண்டால் மட்டுமே எஞ்சினை ஓடவிடும் ஏற்பாடு, உள்ள வண்டியானால் அதற்கான சிப் அதற்குள்தான் இருக்கும். அது இல்லாமல் வெட்டிய புதுச் சாவி பூட்டைத் திருப்பும், ஸ்டார்ட்டர் சுற்றக்கூடச் செய்யலாம், எஞ்சின் மட்டும் ஓடாது.