ஒருமுறை அழைத்தால் இருமுறை திரும்பும் ஃபங்ஷன்

"சி மொழியில் ட்ரை-கேட்ச் இல்லையே, பத்து ஃபங்ஷன் ஆழத்தில் பிழை வந்தால் என்ன செய்வது?" என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். ட்ரை-கேட்ச் என்பது, ஒன்றை ஒன்று அழைக்கும் ஃபங்ஷன்களில் ஆழத்தில் எழும் பிழையை மேலே ஓரிடத்தில் பிடிக்கும் வசதி.

ஒவ்வொரு ஃபங்ஷனும் பிழை எண்ணைத் திருப்பித் தர, அழைத்தது அதைப் பார்த்துத் தனக்கு மேலே அனுப்புவது வழக்கமான முறை. அலுப்பான வேலைதான், ஆனால் நம்பகமானது. வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கோட்டோ இங்கே உதவாது, அது ஒரே ஃபங்ஷனுக்குள்தான் தாவும். (காரணமே சொல்லாமல் கோட்டோவை ராகு காலம் போல ஒதுக்கி வைக்கும் வகுப்புகள் மீது எனக்குக் கோபம் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம்.)

ஃபங்ஷன் விட்டு ஃபங்ஷன் தாவ ஒரு ஜோடி இருக்கிறது: செட்ஜம்ப், லாங்ஜம்ப். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே உண்டு. செட்ஜம்ப்பை அழைத்தால் முதலில் 0 திரும்பும். பிறகு எங்கோ ஆழத்தில் யாராவது லாங்ஜம்ப்பை 5 என்ற எண்ணோடு அழைத்தால், அதே செட்ஜம்ப் மறுபடியும் திரும்பும், இம்முறை 5 என்ற விடையோடு. 0 கொடுத்து ஏமாற்றவும் முடியாது, அதை 1 ஆக மாற்றிவிடும்.

ஓடும் ஃபங்ஷன்களின் விவரங்கள் அடுக்கி வைக்கப்படும் நினைவகப் பகுதிதான் ஸ்டாக். செட்ஜம்ப் அதை முழுக்க நகலெடுத்து வைக்கிறதோ என்று தோன்றும். அப்படி எதுவும் இல்லை. 64 பிட் இன்டெல் லினக்ஸில் அது குறித்து வைக்கும் ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) மதிப்புகள் மொத்தம் எட்டு, 64 பைட்: ஸ்டாக் முனை எங்கே, திரும்ப வேண்டிய முகவரி எது, அப்புறம் ஆறு ரெஜிஸ்டர்கள். மற்ற ரெஜிஸ்டர்கள்? இங்குதான் எனக்குச் சொக்கிப்போகும். நம் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு, ரெஜிஸ்டர்களைப் பொறுத்தவரை செட்ஜம்ப்பை அழைப்பதும் ஒரு ஃபங்ஷன் அழைப்புதான். எந்த அழைப்பிலும் மற்ற ரெஜிஸ்டர்கள் அழியலாம் என்பது ஏற்கெனவே உள்ள ஒப்பந்தம். ஆகவே முக்கியமான எதையும் கம்பைலர் அவற்றில் விட்டு வைத்திருக்காது. அழைக்கப்பட்ட ஃபங்ஷன் காப்பாற்றியே தீரவேண்டிய அந்த ஆறு போதும்.

லாங்ஜம்ப் இந்த எட்டையும் பழையபடி போட்டு, விடை வைக்கும் ரெஜிஸ்டரில் 5 எழுதி, குறித்த முகவரிக்குத் தாவும். அவ்வளவுதான். நடுவில் இருந்த பத்து ஃபங்ஷன்களின் ஃபிரேம்களை, அதாவது ஸ்டாக்கில் ஒவ்வொன்றுக்கும் உள்ள இடத்தை, யாரும் அழிப்பதில்லை. ஸ்டாக் முனை நகர்ந்துவிட்டதால் அவை கேட்பாரற்றுக் கிடக்கும். அடுத்த அழைப்பு அவற்றின் மேல் எழுதிவிடும். செட்ஜம்ப்பை அழைத்த ஃபங்ஷனே ஏற்கெனவே முடிந்து போயிருந்தால் தாவக் கூடாது என்பதும் இதனால்தான். திரும்பிப் போக அங்கே வீடு இருக்காது.

இதில் ஒரு குழி உண்டு, நானே விழுந்திருக்கிறேன். செட்ஜம்ப்புக்குப் பிறகு மாற்றிய உள்ளூர் மாறி ஒன்று, ஆப்டிமைசேஷன் (கம்பைலர் நிரலை வேகமாக்கும் வேலை) இல்லாமல் சரியாக இருந்தது. ஆப்டிமைசேஷன் போட்டதும் பழைய மதிப்புக்குப் போய்விட்டது. கம்பைலர் அந்த மாறியை நினைவகத்திலிருந்து ரெஜிஸ்டருக்கு மாற்றியிருந்தது. லாங்ஜம்ப் ரெஜிஸ்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுபோனதும் மாறியும் கூடவே போனது. மாறியை அறிவிக்கும் இடத்தில் வாலடைல் என்று ஒரு சொல் சேர்த்தால் தீரும், கம்பைலர் அதை நினைவகத்திலேயே படித்து எழுதும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது.

இதைவிடப் பெரிய தொல்லை, நடுவில் மாண்ட ஃபங்ஷன்கள் மேலாக் என்ற ஃபங்ஷனிடம் கேட்டு வாங்கிய நினைவகம். விடுவிக்க வேண்டிய வரிக்கு அவை போய்ச் சேரவே இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இதே ஜோடியின் இன்னொரு வகையான சிக்செட்ஜம்ப், சிக்லாங்ஜம்ப்பைத்தான் பிழைகளுக்குப் பயன்படுத்துகிறது. அது நினைவகத்தைத் துண்டு துண்டாக விடுவிப்பதை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஒரு வேலைக்கு வாங்கியதெல்லாம் ஒரே கூடையில் விழும். பிழை வந்து டிரான்சாக்ஷன் ரத்தானால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கூடையைக் கவிழ்த்துவிடும்.