கைஜூ: பொருள், பிறப்பு, தமிழ்ச் சொல்

'காட்ஸில்லா மாதிரிப் படம்' என்று நாம் பொதுவாகச் சொல்லும் வகைக்கு ஜப்பானில் 'கைஜூ எய்கா' என்று பெயர். எய்கா என்றால் திரைப்படம். கைஜூ என்பதை நம் செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'ராட்சத மிருகம்' என்று எழுதுகின்றன. வேறு சொல் கைவசம் இல்லாததால் அப்படி எழுதுகிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்த மொழிபெயர்ப்பில் இந்தப் படங்களின் உயிர் போய்விடுகிறது. இத்தனை வருடங்களாக மனிதர்கள் இவற்றைத் தேடித் தேடிப் பார்ப்பதற்கான காரணமே அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

கைஜூவை இரண்டு சித்திர எழுத்துகளில் எழுதுகிறார்கள். முதலாவது 'கை'. விசித்திரம், புரியாதது, மனத்தைத் தொந்தரவு செய்வது என்று பொருள். இந்த எழுத்தின் இடப்பக்கம் நிற்பது நெஞ்சைக் குறிக்கும் உறுப்பு. அதாவது, விசித்திரம் என்பது பார்க்கப்படும் பொருளில் மட்டும் இல்லை, பார்ப்பவர் நெஞ்சில் நிகழ்வது. இரண்டாவது 'ஜூ', விலங்கு. அதில் நாயைக் குறிக்கும் உறுப்பு இருக்கிறது. இந்த எழுத்து ஆதியில் வேட்டையாடுதலைக் குறித்தது, பிறகு வேட்டையாடப்படும் விலங்கின் பெயரானது. ஆக, கைஜூ என்றால் விசித்திர விலங்கு. பெரியது என்றோ கெட்டது என்றோ இந்த இரண்டு எழுத்திலும் எங்கும் சொல்லவில்லை.

சொல் சீனத்திலிருந்து வந்தது. மலைகளையும் கடல்களையும் பற்றிய 'ஷான்ஹாய் ஜிங்' என்ற பழம்பெரும் சீன நூலில் இதே இரண்டு எழுத்துகள் வருகின்றன. தெற்கு மலைகளைப் பற்றிய பகுதியில் ஒரு மலை: அங்கே விசித்திர விலங்குகள் மிகுதி, நீரில் விசித்திர மீன்கள் மிகுதி, வெண்ணிற ஜேட் கல் மிகுதி, விசித்திரப் பாம்புகள் மிகுதி, விசித்திர மரங்கள் மிகுதி, ஏற முடியாது. அவ்வளவுதான் குறிப்பு. யாரையும் குற்றம் சொல்லாமல், 'இப்படியும் ஓர் இடம் இருக்கிறது' என்று பதிவு செய்துவிட்டு அடுத்த மலைக்குப் போய்விடுகிறது நூல். ஜப்பானுக்கு வந்த பிறகும் நெடுங்காலம் இந்தச் சொல் கதைகளில் வரும் விலங்குகளையும் இன்னதென்று தெரியாத விலங்குகளையும்தான் குறித்தது. உருவத்தின் அளவைச் சொல்ல வேண்டுமானால் 'தாய்' என்ற முன்னொட்டைச் சேர்த்து 'தாய்கைஜூ' என்பார்கள். நம் 'அம்மா'வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜப்பானிய 'தாய்' பெரியது என்று பொருள்படும்.

இன்றைய பொருள் பிறந்தது 1954இல். அந்த வருடம் மார்ச் 1ஆம் தேதி பசிபிக் கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. வெடிப்பு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாகிவிட்டது. அபாயப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு என்ற ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் பெய்தது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் நோயுற்றார்கள். வானொலிப் பணியாளர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து ஒன்பது வருடமே ஆன நேரம். ஜப்பான் முழுவதும் மீனை வாங்கவே பயந்தார்கள்.

தோஹோ நிறுவனத்தின் தயாரிப்பாளர் தோமோயுகி தனாகா அந்த நாட்களில்தான் ஒரு படத்துக்குத் திட்டமிட்டார். அதன் தொடக்க காலத் தலைப்பு, கடலடியில் இருபதாயிரம் மைலிலிருந்து வந்த தாய்கைஜூ என்று பொருள்படும். 'கோஜிரா' என்ற பெயர் பிறகு வந்தது. 'கொரில்லா'வின் ஜப்பானிய வடிவமான கோரிராவையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் குஜிராவையும் ஒட்டிச் செய்த பெயர் அது. காட்ஸில்லா என்பது அதன் ஆங்கில உடுப்பு. படம் நவம்பர் 3 அன்று வெளியானது, குபோயாமா இறந்து ஆறு வாரம்கூட முடியவில்லை. அதன் கதையும் கடலில் ஒளி வெடித்து ஒரு கப்பல் எரிவதில்தான் தொடங்குகிறது; திரையரங்கில் இருந்த ஒருவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. விளம்பரத்தில் படத்தின் வகையை 'சுய்பாகு தாய்கைஜூ எய்கா' என்று அச்சிட்டார்கள். ஹைட்ரஜன் குண்டுப் பெருங்கைஜூத் திரைப்படம். புரியாத விலங்கு என்று கிடந்த பழைய சொல்லோடு குண்டும் பிரம்மாண்டமும் அந்த ஒரே வரியில் வந்து ஒட்டிக்கொண்டன.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா போருக்குப் போய்த் திரும்பியவர்; வீடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைப் பார்த்தவர். அவர் படத்தில் கோஜிரா தோக்கியோவை எரிக்கும்போது ஒரு தாய் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, அப்பாவிடம் போகப் போகிறோம் என்கிறாள். அதற்கு முன் ரயிலில் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்தவள் நான் என்று அலுத்துக்கொள்கிறாள். 1956இல் அமெரிக்காவுக்காக ஓர் அமெரிக்க நடிகரை வைத்துப் புதுக்காட்சிகள் எடுத்துப் படத்தைத் திருத்தியபோது நாகசாகியைச் சொல்லும் அந்தப் பேச்சு போன்ற இடங்கள் வெட்டப்பட்டன. உலகத்தில் பெரும்பாலோர் முதலில் பார்த்தது அந்தத் திருத்திய வடிவத்தைத்தான். கைஜூ என்றால் கட்டடம் இடிக்கும் பூதம் என்ற எண்ணம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜப்பானிய மூலத்தில் கோஜிராவே குண்டால் அடிபட்ட உயிர். கடலுக்கடியில் இருந்த அதன் வாழிடத்தைக் குண்டு அழித்துவிட்டது. முரடு தட்டிய அதன் தோல் கதிர்வீச்சுக் காயத்தின் தழும்புகளை நினைவுபடுத்துகிறது. தொல்லுயிர் ஆய்வாளர் யாமானே அதைக் கொல்ல வேண்டாம் என்று மன்றாடுகிறார். இத்தனை கதிர்வீச்சிலும் எப்படி உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார். அது சாகும்போது அவர் முகத்தில் வெற்றி இல்லை. இவை துயரப் பிறவிகள், அளவுக்கு மீறிய உயரத்தோடும் பலத்தோடும் எடையோடும் பிறந்துவிட்டன, விரும்பிக் கெட்டவையாக இல்லை என்ற பொருளில் ஹோண்டா சொன்னதுண்டு. நான் பார்த்த விளக்கங்களிலேயே கைஜூ என்ற சொல்லுக்கு இதுதான் மிக நேர்மையானது.

பின்னால் வந்த நல்ல படைப்புகள் எல்லாம் இந்த இழையைப் பிடித்தவைதான். 1961இல் வந்த மோத்ரா ஒரு மாபெரும் அந்துப்பூச்சி. அதன் தீவிலிருந்து இரண்டு குட்டிப் பெண்களை ஒரு வியாபாரி பிடித்துக்கொண்டு போய் மேடையேற்றிப் பணம் பண்ணுகிறான். அவர்களைத் தேடிப் புழுவாக நீந்தி வருகிறது மோத்ரா. 1958இல்தான் கட்டி முடித்த தோக்கியோ கோபுரத்தை முறித்து அதன் மேல் கூடு கட்டுகிறது. பட்டுப்புழு வளர்த்துப் பழகிய நாட்டில் அந்தக் கூட்டைப் பார்த்து வெறும் பயம் மட்டும் வந்திருக்க முடியாது. நகரம் நொறுங்குகிறது, தவறு மட்டும் மனிதனுடையது.

1966இல் கைஜூ தொலைக்காட்சிக்கு வந்தது. வாரம் ஒரு கைஜூ, அதை அடக்க அல்ட்ராமேன் என்ற நாயகன். குழந்தைகளுக்கான தொடர்தான். ஆனால் அதில் ஜமிலா என்று ஒரு கைஜூ வரும். நீரில்லாத கோளில் கைவிடப்பட்டு உருமாறிப்போன விண்வெளி வீரன் அவன். தண்ணீரே அவனைக் கொல்கிறது. அதே தொடரில் இன்னொரு நாள், இதுவரை கொல்லப்பட்ட கைஜூகளுக்காகப் பாதுகாப்புப் படையினரே உட்கார்ந்து நினைவுச் சடங்கு செய்கிறார்கள். அரக்கனுக்கு யாரும் திதி கொடுப்பதில்லை.

கூடவே தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'தோகுசாட்சு'. சிறப்புப் படப்பிடிப்பு என்பதன் சுருக்கம். ரப்பர் உடைக்குள் ஆள், காலடியில் சிறு நகரம், வேகமாக எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டும்போது வருகிற கனம்: இந்தக் கலையை வளர்த்தவர் எய்ஜி த்சுபுராயா. கோஜிராவாக நடித்த ஹருவோ நகாஜிமா ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள உடையைச் சுமந்தார். நடையைக் கற்க விலங்குக்காட்சி சாலைக்குப் போய் யானைகளையும் கரடிகளையும் கவனித்தார். கோஜிராவின் அலறல் எந்த மிருகத்தின் குரலும் இல்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் கொன்ட்ராபாஸ் என்ற பெரிய நரம்பிசைக் கருவியின் தந்தியை இழுத்து எழுப்பிய ஒலி அது. கணினி வரைகலையில் இதைவிடத் துல்லியமான உருவங்கள் இன்று வந்துவிட்டன. ஆனாலும் உடைக்குள் ஒரு மனிதன் மூச்சு வாங்குவதால் பழைய கைஜூவிடம் ஓர் உயிர்க்களை இருக்கிறது. அதைக் குறையாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ராட்சதன், அரக்கன், அசுரன் மூன்றும் ஒதுங்க வேண்டும். அவை தீமையைக் கூடவே கூட்டிவரும் சொற்கள். பூதம் உடலளவுக்குப் பொருந்தும், ஆனால் அது விலங்கில்லை. ஜப்பானியர் பேய் பூதங்களுக்கு 'யோகாய்' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். யாளி அழகான சொல்தான். நம் கோயில் தூண்களில் சிங்க முகமும் துதிக்கையுமாக நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஓர் உருவம் இருக்கிறது, அந்துப்பூச்சியை யாளி என்று அழைக்க முடியாது. 'விந்தை விலங்கு' சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் விந்தையில் கொஞ்சமும் அச்சமில்லை. சிறுவர் பூங்காவின் பெயர்ப் பலகை போல ஒலிக்கிறது.

எனக்குப் பிடித்த வழியைத் தொல்காப்பியம் காட்டுகிறது. எட்டு மெய்ப்பாடுகளில் வியப்புக்கு அது வைத்த பெயர் மருட்கை. அது எதிலிருந்து பிறக்கும் என்றும் சொல்கிறது: 'புதுமை பெருமை சிறுமை ஆக்கம்'. இதில் ஆக்கம் என்பதை ஒன்று வேறொன்றாகத் திரிவது என்று உரைகாரர்கள் கொள்கிறார்கள். இதுவரை காணாத புதுமை, ஐம்பது மீட்டர் உயரக் கோஜிராவின் பெருமை, மோத்ராவின் குட்டிப் பெண்களின் சிறுமை, மனிதன் ஜமிலாவாகத் திரிந்த ஆக்கம். நான்கும் கைஜூப் படங்களில் இருக்கின்றன. மருட்கையின் வேரான 'மருள்' வியப்பையும் மயக்கத்தையும் அச்சத்தையும் ஒரே மூச்சில் சொல்லும். மருண்ட பார்வை என்று மானைச் சொல்வோமே, அந்த மிரட்சியும் இதற்குள் அடக்கம். எனவே கைஜூவுக்கு 'மருள்விலங்கு' என்பது என் பரிந்துரை. நம்மை மருட்டும் விலங்கு என்றும், தானே மருண்டு நிற்கும் விலங்கு என்றும் இரண்டு பக்கமும் படிக்கலாம். தாய்கைஜூவைப் 'பெருமருள்விலங்கு' எனலாம், கொஞ்சம் நீளம்தான்.

இந்தத் திரைப்பட வகையின் பெயராகக் கைஜூவை அப்படியே வைத்துக்கொள்வதில் தவறில்லை, 'கைஜூப் படம்' என்று தமிழில் இயல்பாகவே ஒட்டுகிறது. கதையைச் சொல்லும்போதும் விமர்சனம் எழுதும்போதும் மருள்விலங்கைப் பயன்படுத்திப் பார்க்கலாம். எழுதும்போது ஈற்றெழுத்து நெடிலாக இருக்கட்டும்: கைஜூ. ஜப்பானியத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம்தான். தமிழிலும் அஃறிணைக்குக் 'கள்' கட்டாயமில்லை என்பதால் 'இரண்டு கைஜூ மோதின' என்றே எழுதலாம்.