கை வைக்கவில்லை, சோறு போடுகிறோம், அப்புறம் என்ன?

சிறுநீரில் கிருமி, நாக்கு வறண்டு, பேச்சு குழறி, இன்னும் ஒரு வயதான ஆயாவை என்னிடம் சிகிச்சைக்குக் கூட்டிவந்தார்கள். "மூள கலங்கிட்சி டாக்டர், வயசாய்ட்சில்ல" என்றார் மகன். மருந்து ஏறியதும் பேச்சு தெளிந்துவிட்டது. மகனை மாத்திரை வாங்க அனுப்பிவிட்டு விசாரித்தேன். ஆயா வேண்டுமென்றேதான் தண்ணீர் குடிப்பதில்லையாம். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே. ராத்திரி கதவைத் திறந்தால், "கெழத்துக்கு வேற வேல இல்ல" என்று வசவு. வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்து ஒற்றை அறை வீடுகளிலிருந்து இப்படி எத்தனை பேர்!

மகனைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "கை வச்சதே இல்ல டாக்டர். மூணு வேள சோறு போட்றோம். இன்னா கொற?"

அடித்தால்தான் கொடுமையா? தட்டை நங்கென்று வைப்பது கொடுமை. காதில் விழும்படி "எப்பதான் போய்ச் சேருமோ" என்பது கொடுமை. "ஆயா கிட்ட போவாத" என்று பேரனை இழுப்பது, மகள் போன் செய்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்வது, "ஹோம்ல தள்ளிடுவேன்" என்று மிரட்டுவது, நாள் கணக்கில் முகம் பார்த்துப் பேசாமல் இருப்பது எல்லாம் கொடுமைதான். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வரும் ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொண்டு, வெற்றிலைக்குக் கெஞ்ச விடுகிறார்கள். போட்ட சோற்றைத் தினமும் சொல்லிக்காட்டுவதும் இதில் சேர்த்திதான். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வாயால் வதைப்பதையும் மனத்தை வதைப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. மனைவிக்கு மட்டுமல்ல, பெற்ற தாய்க்கும் அது பொருந்தும்.

ஊரே மருமகளைக் கை காட்டுகிறது. நான் பார்த்தவரை, எல்லாம் கேட்டும் டிவியை விட்டுக் கண்ணெடுக்காத மகனால்தான் அந்தத் தாய்கள் அதிகம் நொறுங்குகிறார்கள்.

சக டாக்டர்களே, கூட வந்தவரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னால் அவரை வெளியே அனுப்புங்கள். திடீர்க் குழப்பத்தை வயசின் தலையில் கட்டாதீர்கள். சிறுநீரையும் ரத்தத்தில் சோடியம் என்னும் உப்பின் அளவையும் பாருங்கள்.

பிள்ளைகளே, கட்டிலருகே ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு கமோட் நாற்காலியும் வையுங்கள். உங்கள் தூக்கமும் கெடாது.

பெரியவர்களே, வீட்டை எழுதிக்கொடுக்க அவசரப்படாதீர்கள். கொடுத்தே தீரவேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையை செட்டில்மென்ட் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை அதை மீறினால், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் (2007) 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்கவேண்டும். வக்கீல் வைக்கத் தேவையில்லை. நடக்க முடியாதவர்கள், தங்கள் சார்பில் மனுக் கொடுக்க இன்னொருவருக்கு அதிகாரம் தரலாம்.

பக்கத்து வீட்டுக்காரர்களே, சுவரொட்டிய வீடுகளில் வசவு உங்கள் காதில் விழாமல் இருக்காது. "அவங்க வூட்டு விஷயம்" என்று தயவுசெய்து ஒதுங்காதீர்கள். 14567 முதியோர் உதவி எண். கட்டணமில்லை, நீங்களே பேசலாம். ஆனால், பேசுவதற்கு முன் அந்த ஆயாவிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் யாராவது வந்து விசாரித்துவிட்டுப் போனால், அன்றைக்கு ராத்திரி வசவு வாங்கப்போவது அவர்தான்.