இலக்கணம் தெரியும், உப்புக் கேட்கத் தெரியாது

அரபுக் கல்லூரி விடுதியில் நஹ்வும் ஸர்ஃபும், அதாவது அரபி வாக்கிய இலக்கணமும் சொல் இலக்கணமும், நடத்துகிறேன். ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் எழுவாய் எது, கடைசி எழுத்துக்கு ஏன் 'உ' வருகிறது என்று மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளைகள் ஸஹனில் (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டில்) உட்கார்ந்து "கொஞ்சம் உப்பு" என்று அரபியில் கேட்கத் திணறுவார்கள். பாடம் குறையில்லை, பேச இடம்தான் இல்லை. அந்த இடத்தைக் கொடுப்பது மாணவர் மன்றம்.

எங்கள் மன்றம் வியாழன் இரவு, இஷா தொழுகைக்குப் பிறகு. மேடைப் பேச்சு மட்டும் இருந்தபோது மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். அதனால் 'கடை' சேர்த்தோம். இரண்டு மேசை, சில பேனாக்கள், தாள்கள். பேரம் முழுக்க அரபியில்.

போன மாதம் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் பேனா வாங்க வந்தான். மூன்று பேனா என்று கேட்க, "ஸலாஸு அக்லாம்" என்றான். கடைக்காரப் பையன் பேனாவைத் தரவில்லை. மூன்று விரலைக் காட்டிக் காத்திருந்தான். இவன் யோசித்து, "ஸலாஸத்து அக்லாம்!" என்றான். அரபியில் பேனா ஆண்பால், தாள் பெண்பால். மூன்று முதல் பத்து வரை எண் அதற்கு நேர்மாறாக வரும்; ஆண்பால் பேனாவுக்குப் பெண்பால் வடிவமான 'ஸலாஸத்து'. தமிழில் இரண்டுமே அஃறிணை என்பதால் நம் பிள்ளைகளுக்கு இது கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் நிற்காது. அவனுக்கு அன்றே நின்றுவிட்டது.

உச்சரிப்பும் அப்படித்தான். தமிழில் எழுதினால் இதயமும் 'கல்ப்', நாயும் 'கல்ப்'. இதயத்துக்கான சொல்லில் அடிநாக்கிலிருந்து வரும் 'காஃப்' எழுத்தைச் சக மாணவன் காதால் கேட்டுத் திருத்தும்போது வெட்கம் குறைவு.

ஆரம்பத்தில் பேச்சின் நடுவிலேயே நான் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் அதற்கப்புறம் இரண்டு மாதம் மேடை ஏறவில்லை. இப்போது பிழைகளைக் குறித்துக்கொண்டு, முடிந்த பிறகு பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுகிறேன்.

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் 1926இல் தொடங்கிய கோன்தோர் உறைவிடப் பள்ளியில் அரபும் ஆங்கிலமும்தான் மாணவர்களின் அன்றாடப் பேச்சு. அதைக் கண்காணிப்பதும் மூத்த மாணவர்களே. நமக்கு அந்த அளவு முடியாவிட்டாலும், வாரம் ஒன்றரை மணி நேரம் முடியும்.

பரீட்சை நெருங்கினால் பல இடங்களில் முதலில் நிறுத்தப்படுவது மன்றம்தான். நிர்வாகிகள் தயவுசெய்து அதில் கை வைக்க வேண்டாம். பெற்றோரும் லீவுக்கு வரும் பிள்ளையிடம் மார்க்கோடு சேர்த்து, "மன்றத்துல என்ன பேசினே?" என்று கேளுங்கள்.